எண்ணமே வினைக்கு வித்து: யசோதர காவியம் காட்டும் மனநெறி

மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும் உயிர்கள் வினை ஈட்டுகின்றன என்பது ஆருகத சமயத்தின் அடிப்படைக் கொள்கை. இம்மூன்றனுள் மெய்யின் செயல் பிறர் கண்ணுக்குப் புலப்படும். மொழியின் செயல் பிறர் செவிக்குப் புலப்படும். மனத்தின் செயலோ எண்ணுபவன் ஒருவனுக்கே புலப்படும். பல வேளைகளில் அவனுக்கும் புலப்படாமல் மறைந்து நிற்கும். அரசின் நீதி கை செய்ததை விசாரிக்கிறது. அறத்தின் நீதி அக்கையை ஏவிய எண்ணத்தை விசாரிக்கிறது.

எண்ணம் எவ்வாறு உணர்ச்சியாகிறது, உணர்ச்சி எவ்வாறு முடிவாகிறது, முடிவு எவ்வாறு ஒருவனின் கதியாகிறது என்பதைத் தமிழில் ஒரு கதையின் வாயிலாகப் படிப்படியாகக் காட்டும் நூல் யசோதர காவியம். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய இந்நூல் ஐந்து சருக்கங்களும் 320 பாடல்களும் கொண்டது. ஆசிரியர் பெயர் அறியப்படாத இந்நூலுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரை வகுத்தார். அளவில் சிறிதாயினும், இது எழுப்பும் வினா பெரிது. இக்கதையில் ஓர் அரசன் மாவினால் செய்த சேவல் ஒன்றை வெட்டுகிறான். உயிர் எதுவும் போகவில்லை; குருதி ஒரு துளியும் சிந்தவில்லை. ஆயினும் அவனும் அவன் அன்னையும் பிறவிதோறும் துன்புறுகின்றனர். உயிரற்ற மாவை அறுத்ததற்கு இத்துணைத் துன்பமா என்று கேட்காதார் இலர். அந்த வினாவுக்கான விடையே இக்காவியத்தின் உயிர்நிலை.

கதை நடந்து வந்த வழி

யசோதரன் கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 8ஆம் நூற்றாண்டில் ஹரிபத்திரர் பிராகிருதத்தில் இயற்றிய சமராதித்தன் கதையுள் இது இடம்பெற்றுள்ளது. 779இல் உத்தியோதனர் இயற்றிய குவலயமாலை, பிரபஞ்சனர் என்பார் இயற்றிய யசோதர சரிதத்தைக் குறிப்பிடுகிறது. எனவே அக்காலத்திற்கு முன்பே இக்கதை புலவரிடையே புகழ் பெற்றிருந்தது தெளிவு.

959இல் சோமதேவ சூரி வடமொழியில் உரையும் பாட்டும் விரவிய நடையில் யசஸ்திலகம் என்னும் பெருநூலை இயற்றினார். எட்டுப் பிரிவுகளைக் கொண்ட அந்நூலின் இறுதிப் பகுதிகள் இல்லறத்தார்க்குரிய ஒழுக்கங்களை விரித்துரைக்கின்றன. நூலின் முடிவில் சோமதேவர் தரும் காலக்குறிப்பு தமிழகத்தோடு தொடர்புடையது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழர் முதலியோரை வென்று மேல்பாடியில் தங்கியிருந்த காலத்தில் இந்நூல் நிறைவெய்தியது என்பது அக்குறிப்பு. அந்த மேல்பாடி, சமணச் சிற்பங்கள் விளங்கும் வள்ளிமலைக்கு அணித்தே உள்ள இன்றைய வேலூர் மாவட்டத்து ஊரேயாம் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். பெரும்படை பாளையமிறங்கிய காலத்தில், ஒரு துறவி கொல்லாமையின் நுண்பொருளைத் தம் நூலில் நிறைவு செய்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. இந்நூலைப் பற்றிக் கிருஷ்ணகாந்த ஹாண்டிக் எழுதிய விரிவான ஆய்வு 1949இல் சோலாப்பூரிலிருந்து வெளிவந்தது.

சோமதேவரை அடுத்து, இராட்டிரகூடரின் தலைநகராகிய மானியகேடத்தில் புஷ்பதந்தர் இக்கதையை அபப்பிரம்ச மொழியில் பாடினார். 11ஆம் நூற்றாண்டில் வாதிராசர் வடமொழியில் நான்கு சருக்கங்களாகச் சுருங்கப் பாடினார். ஹொய்சள மன்னன் வீரவல்லாளன் காலத்தில், 1209இல், ஜன்னர் கன்னடத்தில் யசோதர சரிதையை இயற்றினார். தமிழ்க் காவியமும் இவ்வரிசையில் வந்து நிற்பதே. அண்மைக் காலத்தில் கிரீஷ் கர்னாட் இதே கதையைத் தழுவி, 'மாவுச் சேவல்' எனப் பொருள்படும் பெயரில் கன்னட நாடகம் எழுதினார்.

பல நூற்றாண்டுகளாகப் பல மொழிப் புலவர் இக்கதையை மீண்டும் மீண்டும் பாடியதற்குக் காரணம் உண்டு. உயிர்ப்பலி கூடாது என்னும் கருத்து நாட்டில் பரவியபோது, பலியையும் விடாமல் கொலையையும் செய்யாமல் ஓர் இடைவழி தேடப்பட்டது. விலங்கின் உருவை நெய்யாலோ மாவாலோ செய்து படைக்கலாம் என மனுவின் நூலும் இடம் தருகிறது. கொலை குறைந்தது என்ற அளவில் அது நன்மையே. ஓர் ஆட்டின் உயிர் பிழைத்ததை எந்த அறவோரும் இகழார். ஆயினும் சமணச் சான்றோர் மேலும் ஒரு படி சென்று வினவினர். வெட்டுபவனின் நெஞ்சில் உயிரைக் கொல்லும் எண்ணம் நின்றால், உருவம் மாவாக இருப்பதனால் அவன் நெஞ்சு தூயதாகுமா? இவ்வினாவை விளக்கவே யசோதரன் கதை தோன்றி வளர்ந்தது.

பாகனின் பாடலும் அரசியின் எண்ணமும்

அவந்தி நாட்டு உச்சயினியில் அரசு புரிந்தவன் அசோகன். அவன் தேவி சந்திரமதி, மகன் யசோதரன். தன் தலையில் ஒரு நரைமயிரைக் கண்ட அசோகன், இளமை நிலையாது என்று எண்ணி, அரசை மகனுக்கு அளித்துத் துறவு பூண்டான். நரை கண்டோர் அனைவரும் துறவு பூணுவதில்லை. அதைக் கண்டு வருந்துவோர் உண்டு, மறைப்போரும் உண்டு. கண்ட பொருள் ஒன்றாயினும், அதைப் பற்றி எழும் எண்ணமே ஒருவனை வனத்திற்கும் ஒருவனைக் கண்ணாடிக்கும் அனுப்புகிறது. காவியம் தன் கருத்தை இவ்வாறு தொடக்கத்திலேயே நாட்டிவிடுகிறது.

அரசனான யசோதரன் தன் தேவி அமிர்தமதியோடு இன்புற்று வாழ்ந்தான். ஒருநாள் இரவில், அரண்மனைக்கு அருகே யானைக்கொட்டிலிலிருந்து ஒரு பாடல் எழுந்தது. அமிர்தமதி அதைக் கேட்டாள். பாடியவனை அவள் கண்டதில்லை. ஆயினும் அந்த இனிய குரலுக்கு ஏற்ற ஓர் உருவத்தைத் தன் மனத்திலேயே படைத்துக்கொண்டாள். தான் படைத்த உருவத்தின்மேல் தானே வேட்கை கொண்டாள். தோழி குணவதி சென்று பார்த்து வந்து உண்மையைச் சொன்னாள். பாடியவன் அட்டபங்கன் என்னும் யானைப்பாகன், உடல் கோணியவன், காணத்தகாத தோற்றத்தினன். தோழியின் சொல் அரசியின் நெஞ்சில் ஏறவில்லை. எண்ணம் முன்னரே வேரூன்றிவிட்டதனால், உண்மை பின்னர் வந்தும் பயனற்றுப் போயிற்று. அழகு ஒரு பொருட்டன்று, உள்ளம் விரும்பியதே அழகு என்று அவள் தன் வேட்கைக்குக் காரணம் கற்பித்துக்கொண்டாள்.

இங்குப் பாடலைக் குற்றம் கூறுவதற்கில்லை. அதே இரவில் அப்பாடலைக் கேட்டவர் பலர் இருந்திருப்பர். செவியில் விழுந்த ஒலி அமிர்தமதியின் நெஞ்சில் எண்ணமாக, எண்ணம் வேட்கையாக, வேட்கை ஒழுக்கக்கேடாக முறையே வளர்ந்தது. ஒவ்வொரு படியிலும் திரும்பி வர அவளுக்கு வழி இருந்தது. முதற்படியில் அது மிக எளிதாயிருந்தது; பின்னர் ஒவ்வொரு படியிலும் அரிதாயிற்று.

உறையிலிட்ட வாள்

தேவியின் போக்கில் மாற்றம் கண்ட யசோதரன் ஓர் இரவு மறைந்து பின்தொடர்ந்து, பாகனோடு அவள் கூடியிருப்பதைக் கண்ணால் கண்டான். இருவரையும் வெட்ட வாளை உருவினான். கணவன் என்ற நிலையில் சினமும், அரசன் என்ற நிலையில் தண்டிக்கும் உரிமையும் அவனுக்கு இருந்தன. ஆயினும் அந்தக் கணத்தில் அவன் நெஞ்சில் வேறோர் எண்ணம் எழுந்தது. போர்க்களத்தில் பகையரசரை வெல்லும் வாள் இந்த இழிந்தோர்மேல் விழலாகாது என்று எண்ணி, வாளை உறையிலிட்டுத் திரும்பினான். காமத்தின் இழிவையும் உலக வாழ்வின் பொய்ம்மையையும் எண்ணித் துறவின்பால் அவன் மனம் சாய்ந்தது.

சினம் எழுந்த கணத்திலும் எண்ணத்தை மாற்றினால் உணர்ச்சி மாறும், உணர்ச்சி மாறினால் கை அடங்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. உயிருள்ள இருவரைக் கொல்லாமல் அடங்கிய அதே கை, அடுத்து உயிரற்ற சேவலை வெட்டித் தீவினை ஈட்டிற்று என்பதே கதையின் வியத்தகு திருப்பம்.

மறுநாள் அவன் முகவாட்டம் கண்டு அன்னை சந்திரமதி காரணம் கேட்டாள். உண்மையைச் சொல்ல அவன் நாணினான். கண்டதைக் கனவு கண்டதாக மாற்றி, உருவகமாகக் கூறினான். அச்சொல்லில் அன்னையை வருத்தக்கூடாது என்ற அன்பு இருந்தது. குடிப்பழியை மறைக்கும் எண்ணமும் இருந்தது. ஆனால் மறைப்பு எத்துணை மென்மையானதாயினும், கேட்பவரைத் தவறான வழியில் எண்ணச் செய்துவிடும். சந்திரமதிக்கு மகனின் துயரம் தெரியவில்லை. தீய கனவு என்பது மட்டுமே தெரிந்தது. மகனின் உயிருக்கு ஏதம் வரும் என்று அவள் அஞ்சினாள். அச்சம் பரிகாரத்தைத் தேடிற்று. சண்டமாரிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தீங்கு நீங்கும் என்றாள்.

யசோதரன் மறுத்தான். பிற உயிரைக் கொன்று தன் உயிரைக் காப்பது அறமாகாது என்று எடுத்துரைத்தான். அன்னை விடவில்லை; உயிருள்ளது வேண்டா, மாவினால் ஒரு சேவல் செய்து பலியிடலாம் என்றாள். தாயின் சொல்லைத் தட்ட மனமின்றி அவன் இசைந்தான்.

இந்த இசைவே காவியத்தின் நடுநாயகமான இடம். யசோதரன் கொடியவன் அல்லன்; அறியாதவனும் அல்லன். அறத்தைப் பிறர்க்கு எடுத்துக்கூறும் தெளிவுடையவன். தவறு என்று தெரிந்ததை நேரே செய்ய அவன் ஒப்பவில்லை; ஆனால் அதன் வடிவைச் சற்று மாற்றிக் காட்டியபோது ஒப்பிவிட்டான். தாய்மேல் கொண்ட அன்பு, வாதத்தை முடிக்கும் விருப்பம், மாவுதானே என்னும் ஆறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து அவன் தெளிவை மறைத்தன.

கோயிலில் அவன் வாளால் வெட்டியபோது மாவுச் சேவல் உயிருள்ள சேவல் போலக் கூவிற்று. அக்குரல் கேட்டு அவன் நடுங்கி வாளை நழுவவிட்டான். மாவினுள் ஒரு தெய்வம் புகுந்து கூவச் செய்தது என்று காவியம் கூறுகிறது. வெட்டும்போது அவன் உள்ளத்தில் இருந்தது உயிர்ச்சேவலே என்பதை அக்குரல் அவனுக்கு உணர்த்தியதாகவும் அதைக் கொள்ளலாம்.

சான்றோர் வகுத்த அளவுகோல்

இக்கதையின் தீர்ப்பு மிகையானதன்று என்பதைச் சமய நூல்கள் தெளிவாக்குகின்றன. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிரைப் போக்குதல் என்று மட்டும் கூறி அமையவில்லை; சோர்வும் வேட்கையும் கலந்த மன, மொழி, மெய்களின் இயக்கத்தால் உயிரைப் போக்குதல் என்று காரணத்தையும் சேர்த்தே கூறுகிறது. செயலுக்கு முன் நிற்கும் மனநிலை அவ்விலக்கணத்தின் ஒரு பாதி.

பொன்னூர் மலையில் திருவடி வைத்து வணங்கப்பெறும் குந்தகுந்த ஆசாரியர் இதனை மேலும் விளக்குகிறார். பிற உயிர் இறந்தாலும் பிழைத்தாலும், கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி என்றும், கவனத்தோடு ஒழுகுபவனுக்கு நேர்ந்த உயிர்க்கேடு அளவில் கட்டு இல்லை என்றும் பிரவசனசாரத்தில் அவர் கூறுகிறார். சமயசாரத்தில் ஓர் எளிய உவமை தருகிறார். ஒருவன் உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு புழுதி நிறைந்த இடத்தில் பயிற்சி செய்கிறான். வாழை முதலியவற்றை வெட்டுகிறான். அவன் உடலெங்கும் புழுதி ஒட்டுகிறது. எண்ணெய் பூசாத மற்றொருவன் அதே இடத்தில் அதே செயலைச் செய்கிறான், புழுதி ஒட்டுவதில்லை. இருவர்க்கும் செயல் ஒன்றே, இடமும் ஒன்றே. ஒட்டச் செய்தது எண்ணெய்ப் பசை. உயிரின்மேல் வினையை ஒட்டச் செய்வது விருப்பு வெறுப்பு என்னும் பசை.

மனநிலை என்னும் பொருளில் 'பாவ'த்தைப் பேசும் அவரது பாவ பாகுடம், சாலிசிக்தம் என்னும் மீனை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நெல்லரிசி அளவே உடைய அச்சிறுமீன், பெருமீனின் வாயில் புகுந்து வெளியேறும் எண்ணற்ற மீன்களைக் காண்கிறது. இத்தனை இரை வாய்க்குள் வந்தும் விழுங்காமல் விடுகிறதே, நானாயின் ஒன்றையும் விடேன் என்று எண்ணுகிறது. அதனால் எதையும் விழுங்க இயலாது. ஆயினும் எண்ணத்தின் கொடுமையால் பெருநரகம் புகுந்தது என்பது கதை. இயலாமை நல்லொழுக்கம் ஆகாது என்பது இதன் கருத்து. வாய்ப்பில்லாததால் தீமை செய்யாதிருப்பவன் தன்னை நல்லவன் என்று எண்ணிக்கொள்ள இதில் இடமில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் இயலில் வரும் கணக்கு இங்கு அறியத்தக்கது. ஒரு செயலைச் செய்யக் கருதுதல், அதற்கு வேண்டுவன திரட்டுதல், செய்யத் தொடங்குதல் என நிலை மூன்று. மனம், மொழி, மெய் என வாயில் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என முறை மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று எனக் கசாயம் நான்கு. இவற்றை உறழ்ந்தால் 108 ஆகும். ஜபமாலையின் 108 மணிகளுக்கு இக்கணக்கைக் காரணமாகக் கூறும் மரபு உண்டு. மணி உருட்டும் ஒவ்வொரு முறையும், தீவினை நெஞ்சில் நுழையும் 108 வாயில்களையும் அடைக்க வேண்டும் என்பது அதன் நினைவூட்டல்.

இக்கணக்கைக் கதையோடு பொருத்திப் பார்த்தால் ஐயம் நீங்கும். பலி வேண்டும் என்று கருதியவள் சந்திரமதி. சேவல் செய்வித்தவளும் அவளே. பின்னின்ற கசாயம் மகன்மேல் வைத்த பற்று. உடன்பட்டவனும் வெட்டியவனும் யசோதரன். அவனிடம் பற்றோடு, கனவு என்று மறைத்த வஞ்சமும் கலந்தது. உயிரைக் கொன்றால் என்ன பயன் கிடைக்குமோ அப்பயன் இதனால் கிடைக்க வேண்டும் என்ற விருப்பமே அச்சடங்கின் உட்பொருள். சோமதேவர் இதனை வெளிப்படையாகவே அமைத்துள்ளார். எல்லா உயிர்களையும் கொன்றால் வரும் பயன் இதனால் தனக்கு வரட்டும் என்று யசோதரன் தேவியிடம் வேண்டுவதாக அவர் பாடுகிறார். கொலையின் பயனை வேண்டியவன் கொலையின் வினையை மட்டும் மறுக்க முடியாது.

பிறவிகளில் தொடர்ந்த எண்ணம்

கோயிலிலிருந்து திரும்பிய யசோதரன் துறவு பூண முடிவு செய்தான். அதற்குள் அமிர்தமதி நஞ்சு கலந்த உணவளித்து அவனையும் சந்திரமதியையும் கொன்றாள். அவர்கள் மகனாகவும் பேரனாகவும் அமைந்த யசோமதி அரசனானான். இறந்த இருவரும் விலங்கு, பறவைப் பிறவிகளில் அடுத்தடுத்துப் பிறந்தனர். முதலில் யசோதரன் மயிலானான், சந்திரமதி நாயானாள். இரண்டும் யசோமதியின் அரண்மனைக்கே வந்து சேர்ந்தன. அமிர்தமதியையும் பாகனையும் ஒருங்கே கண்ட மயிலுக்கு முற்பிறவி நினைவு வந்தது. சினம் பொங்கிப் பாகன்மேல் பாய்ந்தது. அடிபட்டு வீழ்ந்த மயிலை நாய் கவ்விக் கொன்றது. மகனைக் காக்கப் பலி தேடிய தாயே மகனைக் கொல்ல நேர்ந்தது. முன்பு எண்ணத்தால் உறைக்குள் அடங்கிய சினம், விவேகம் குன்றிய பிறவியில் மயிலின் அலகில் வெளிப்பட்டது.

பின்னர் மீனும் முதலையுமாக, ஆடுகளாக, இறுதியில் சேவலும் பெட்டையுமாக இருவரும் பிறந்தனர். தந்தை நற்கதி பெற வேண்டும் என்று யசோமதி செய்த சடங்குகளில், அத்தந்தையின் உடலே உணவாகியது என்று காவியம் கூறும்போது, அறியாமை எத்துணைக் கொடியது என்பது விளங்குகிறது.

கதி மாறிய இடமும் எண்ணத்தில்தான் அமைந்தது. கூண்டிலிருந்த சேவலும் பெட்டையும், அகம்பன முனிவர் அறம் உரைத்தபோது அதனைக் கேட்டன. பழம்பிறப்பு உணர்ந்து, கொல்லாமையை நெஞ்சில் ஏற்றன. அம்மகிழ்ச்சியில் அவை கூவ, குரல் வந்த திசை நோக்கி யசோமதி எய்த அம்பால் இரண்டும் இறந்தன. இறக்கும் வேளையில் நெஞ்சில் நின்றது அறம் ஆதலின், அவை மனிதப் பிறவி எய்தின. அதே யசோமதியின் மக்களாக, அபயருசி, அபயமதி என்னும் பெயரோடு பிறந்தன. மாவுச் சேவல் கூவியபோது தொடங்கிய துன்பம், உயிர்ச்சேவல் கூவியபோது முடிவுக்கு வந்தது.

வாளின் முன் இரு சிறுவர்

காவியம் தொடங்கும் இடம் வேறு. இராசமாபுரத்து அரசன் மாரிதத்தன் வேனில் விழாவில் சண்டமாரிக்குப் பலியிட விரும்புகிறான். விலங்குகளோடு மனித இரட்டை ஒன்றும் தேவைப்படுகிறது. அவ்வேளையில் சுதத்த முனிவரின் சங்கம் அவ்வூருக்கு வருகிறது. இளந்துறவியராகிய அபயருசியும் அபயமதியும் உணவின்பொருட்டு ஊருக்குள் செல்லும்போது பிடிபட்டு, பலிமேடைக்குக் கொண்டுவரப்படுகின்றனர்.

எதிரே உருவிய வாள், சுற்றிலும் ஆரவாரம், அருகே அலறும் விலங்குகள். அச்சம் எழுவதற்குரிய எல்லாம் அங்கு உண்டு. ஆனால் தமையன் தங்கையை நோக்கி, அழிவது உடலேயன்றி உயிர் அன்று என்று நினைவூட்டுகிறான். அவளும் கலங்காமல் விடையளிக்கிறாள். இருவர் முகத்திலும் அச்சமின்மை கண்டு மாரிதத்தன் வியந்து காரணம் கேட்க, அபயருசி தன் பழம்பிறவிக் கதையைக் கூறுகிறான். அக்கதையே காவியமாக விரிகிறது.

ஒரு கனவு என்று கேட்ட அளவிலேயே நடுங்கியவள் சந்திரமதி. வாளின் முன் நின்றும் நடுங்காதவள் அபயமதி. இருவரும் ஒரே உயிர் என்பது காவியம் தரும் பெரிய நம்பிக்கை. அச்சம் நிகழ்ச்சியிலிருந்து மட்டும் பிறப்பதாயின், வாள் முன் நின்றவளே மிகுதியாக அஞ்சியிருக்க வேண்டும். நிகழ்ச்சியை ஏற்கும் நெஞ்சில் எந்த எண்ணம் நிலைபெற்றிருக்கிறதோ அதற்கேற்பவே உணர்ச்சி அமைகிறது. அவ்வெண்ணமும் ஒரு நாளில் அமைந்ததன்று. பல பிறவிகளின் துன்பத்தாலும் அறம் கேட்டதாலும் பழகி முதிர்ந்தது.

கதை கேட்ட மாரிதத்தன் வாளைக் கீழே வைத்தான். அவனைத் தடுக்கப் படை வரவில்லை. தெய்வம் தண்டிக்கவும் இல்லை. தான் செய்ய எண்ணியதன் பயனை அவன் தன் நெஞ்சில் கண்டான். மனம் மாறித் துறவு பூண்டான். மாவுச் சேவலுக்கு இத்துணைத் துன்பமாயின், தான் குவித்த உயிர்களுக்கு என்ன கதி என்ற எண்ணமே அவனைத் திருப்பிற்று.

இல்லறத்தார்க்கு உரிய பயிற்சி

எண்ணத்தின் தரத்தைச் சமண நூல்கள் லேசியை என்னும் ஆறு நிறங்களால் குறிக்கின்றன. நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரம் இதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. பசித்த அறுவர் பழுத்த மரம் ஒன்றைக் காண்கின்றனர். ஒருவன் வேரோடு வெட்டக் கருதுகிறான், அடுத்தவன் அடிமரத்தை, மூன்றாமவன் பெருங்கிளையை, நான்காமவன் சிறுகிளையை. ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிக்கக் கருதுகிறான். ஆறாமவன் தரையில் உதிர்ந்த பழமே போதும் என்கிறான். பசி அறுவர்க்கும் ஒன்றே, பழமும் ஒன்றே. கருமையிலிருந்து வெண்மை வரை அவர்கள் நெஞ்சின் நிறம் வேறுபட்டது. நாவல் மரமாகத் தீட்டப்பெறும் இவ்வோவியத்தைக் குழந்தைகளுக்குக் காட்டும் பெற்றோர், ஒவ்வொரு நாளும் எந்த மனிதனாக நின்றோம் என்று தம்மையும் கேட்டுக்கொள்ளலாம்.

சிராவகர்க்கு வகுக்கப்பட்ட சாமாயிகமும் பிரதிக்கிரமணமும் இந்த வினாவுக்கான நேரங்களே. சாமாயிகத்தில் மனம் ஓரிடத்தில் அமர்ந்து தன் எண்ணங்களைக் காண்கிறது. பிரதிக்கிரமணத்தில், நாளின் குற்றங்களை எண்ணிப் பார்த்து அவற்றினின்று திரும்புகிறது. கையால் செய்த குற்றத்தோடு நின்றுவிடாமல், செய்வித்ததையும் உடன்பட்டதையும் எண்ணிப் பார்ப்பதே அதன் முழுமை. இரவுணவு நீக்குவதும் நீரை வடிகட்டி அருந்துவதும் தமிழ்ச் சமணர் இல்லங்களில் வழிவழியாக வந்தவை. சிறு உயிரையும் எண்ணிப் பார்க்கும் நெஞ்சை வளர்ப்பதே அவ்வொழுக்கங்களின் நோக்கம். வடிகட்டிய நீரைப் பருகிக்கொண்டே அண்டை வீட்டாரின் கேட்டை விரும்பினால், துணி தன் தொழிலைச் செய்தது, நெஞ்சு செய்யவில்லை என்றே பொருள்.

மாவுச் சேவல்கள் இக்காலத்தும் உண்டு. ஒருவர் புகழைக் கெடுக்கும் சொல்லைச் சொல்லிவிட்டு, விளையாட்டாகச் சொன்னேன் என்பது ஒன்று. கையெழுத்திடத் தகாத தாளில், வீட்டார் வற்புறுத்தினர் என்று கையெழுத்திடுவது ஒன்று. முறையற்ற வருவாயைத் தான் தொடாமல் பிறர் கையால் பெறுவது ஒன்று. சொத்துப் பிரிவினையில் உடன்பிறந்தார்க்கு உரியதைக் குறைத்துவிட்டு, சட்டம் இடம் தருகிறது என்று அமைதி கொள்வது ஒன்று. இவற்றுள் எதிலும் குருதி சிந்துவதில்லை. ஆயினும் ஒவ்வொன்றின் முன்னும் நெஞ்சம் ஒரு முறை தயங்கும். யசோதரனும் தயங்கினான். தயக்கத்தைக் காரணங்களால் அடக்கியதே அவன் பிழை. தாயின் மனம் நோகாதபடி மறுப்பது அரிதுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் அது எளிதாகியிருக்கும். கனவு என்ற மறைப்பு இல்லையேல் அச்சம் இல்லை. அச்சம் இல்லையேல் பலி இல்லை. பலி இல்லையேல் இத்தனை பிறவித் துயரும் இல்லை.

எண்ணம் எழுவதைத் தடுப்பது அருந்தவத்தோர்க்கும் அரிது. எழுந்த எண்ணத்தை அறிந்து, அது உணர்ச்சியாக முற்றுமுன் ஆராய்ந்து, செயலாகுமுன் திருத்திக்கொள்வது இல்லறத்தார்க்கும் இயலும். உருவிய வாளை உறையிலிட்ட அந்த இரவில் யசோதரனுக்கு அது இயன்றது. கூண்டில் அடைபட்ட சேவலுக்கும் இயன்றது. பலிமேடையில் நின்ற மாரிதத்தனுக்கும் இயன்றது. மனிதப் பிறவியும் அருகரின் அறவுரையும் ஒருங்கே வாய்த்தவர்க்கு அது இயலாது என்று சொல்ல இடமில்லை.